பட்டியலில் பெயர் இல்லாதவன்

எல்ஸ்பெத்: என்ன சத்தம் அது, கோச்? கூரை விழுந்துடுச்சா?

ஃபிரேசர்: பந்து, தலைவரம்மா. பயிற்சியில ஒரு ஷாட்... உங்க ஜன்னல்...

எல்ஸ்பெத்: கண்ணாடி என் டீக்குள்ள கிடக்கு. யார் அடிச்சது?

ஃபிரேசர்: லாக்லன்தான். முப்பது கஜத்துலேர்ந்து.

எல்ஸ்பெத்: பேரைச் சத்தமா சொல்லாதேய்யா. வேற கிளப்புக்குத் தெரியக்கூடாதுன்னுதானே சனிக்கிழமை ஆட்டப் பட்டியல்ல வெறும் ‘சோதனை ஆட்டக்காரர்’னு போட்டோம்?

ஃபிரேசர்: போட்டு என்ன... அவன் அடிச்ச மூணு கோலையும் மேல்பிரிவு கிளப் ஆள் ஒருத்தன் டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டான். வாரம் நானூறு பவுண்டு தர்றாங்களாம்.

எல்ஸ்பெத்: நம்மால இருநூறுதான் முடியும். கிளப் ரசிகர்களோடது, அவங்க கூடி ஓட்டுப் போட்டு வச்ச சம்பள வரம்பு. தாண்ட முடியாது.

ஃபிரேசர்: இன்வர்னெஸ்ல ஆடப் போறப்போ ஹோட்டல்ல தங்காம, விடியக்காலம் பஸ் ஏறிட்டா அந்தக் காசு மிச்சம்...

எல்ஸ்பெத்: போன வருஷமே அதைச் செஞ்சாச்சு. ஆறு பேர் வாந்தி. நாலு கோல்ல தோல்வி.

ஃபிரேசர்: சரி, என் சம்பளத்துல கொஞ்சம்...

எல்ஸ்பெத்: உன் பொண்டாட்டி என்னைச் சும்மா விடுவாளா?

ஃபிரேசர்: நாலு மணி ரயில்ல அவன் ஊருக்குக் கிளம்புறான். போனா திரும்பி வரமாட்டான். போன சீசன் முழுக்க நாம போட்டதே பத்தொன்பது கோல். இன்னொரு படி கீழ இறங்கினா கேட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

எல்ஸ்பெத்: தெரியும்.

ஃபிரேசர்: தெரிஞ்சுமா இப்படி உக்கார்ந்திருக்கீங்க...

எல்ஸ்பெத்: நீ ஏன் என் முகத்தைப் பார்க்காம பேசுற? என்ன பண்ணிட்டு வந்திருக்க?

ஃபிரேசர்: ...காலையில அவன்கூட கைகுலுக்கிட்டேன். வாரம் இருநூறு, என் வீட்டு மாடி ரூம் சும்மா, குடும்பத்தோட வந்துடுன்னு.

எல்ஸ்பெத்: என்னைக் கேக்காம?

ஃபிரேசர்: கேட்டா யோசிப்பீங்க. யோசிச்சா ரயில் போயிடும்.

எல்ஸ்பெத்: அவன் என்ன சொன்னான்?

ஃபிரேசர்: சிரிச்சான். ஏன்னுதான் புரியல.

எல்ஸ்பெத்: ஞாயித்துக்கிழமையே நம்மகிட்ட இருநூறுக்குக் கையெழுத்துப் போட்டுட்டான்யா, பொண்டாட்டிக்கு இங்க வேலை கிடைச்சாத்தான் செல்லும்னு. ரயில் ஏறுறது மூட்டை முடிச்சை எடுத்துட்டு வர. அவன் பொண்டாட்டி நர்ஸ்... அவளுக்கு நம்ம ஊர் முதியோர் இல்லத்துல வேலை உறுதியானது இப்பத்தான். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கே பப்புல ஊருக்கெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்திருப்ப.