வலது பக்கக் கேபிள்

கேபிளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் நான் எந்த வேலையையும் தொடங்கியதில்லை, ஐயா. ஆஸ்பத்திரியின் கணினி அறையில் பதினான்கு வருஷமாக அதுதான் என் வழக்கம்.

ஸ்கேன் படங்களெல்லாம் டிஸ்க் அடுக்குகளில் இருக்கும். அவற்றை எடுத்து டாக்டர்களின் திரைக்கு அனுப்புவது கேட்வே என்ற பெட்டி. இடம் போதாவிட்டால் இன்னோர் அடுக்கைச் சேர்ப்போம். கேட்வேயை நிறுத்த மாட்டோம். இடது, வலது என்று இரண்டு கேபிள்கள் உண்டு. ஒன்றைக் கழற்றிப் புது அடுக்குக்கு மாற்றும்வரை மற்றது வேலை செய்யும். அதனால் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்வார், மற்றவர் அடுக்குகளுக்குப் பின்னால் நின்று கழற்றுவார். பின்னால் நிற்பவருக்குத் திரை தெரியாது.

அன்று பின்னால் நின்றது என் தங்கையின் கணவர். அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வந்த நாலு வருஷத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டார். அடுத்த மாதம் துறைத் தலைவராகப் போகிறவரும் அவரே. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். அவர் ஒரே ஒரு தவறு செய்தால் போதும் என்று இருந்தது.

ஆபரேஷன் எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் இந்த வேலையைச் செய்வோம். பதினொன்றரைக்குப் போன் வந்தது. ஒரு பஸ் டிரைவரை அவசரமாக மூளை ஆபரேஷனுக்கு எடுத்திருக்கிறார்களாம். போனை எடுத்தது நான். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாத தவறை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அவர் டீ குடிக்கப் போனபோது வலது கேபிளைப் பாதி இழுத்து வைத்தேன். வலது நின்றுவிட்டது என்று திரையில் சிவப்பு வந்தது. திரும்பி வந்த மாப்பிள்ளை அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"மச்சான், வலது ஓடுதா? இடதை எடுக்கட்டுமா?"

"ஓடுது மாப்ளே, எடுங்க."

பதினோரு நிமிஷம் ஆபரேஷன் தியேட்டரில் படம் இல்லை. டிரைவர் பிறகு கண் திறக்கவில்லை.

முதல் விசாரணையில் மாப்பிள்ளை என்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. "கேபிள் செருகுற இடத்துல எரியுற சின்ன விளக்கை நானும் ஒரு தடவை பார்த்திருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றார். அவருக்கு வேலை போனது. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று தங்கை அழுகிறாள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

வலது பக்கம் எத்தனை மணிக்கு நின்றது என்று நீங்கள் எடுத்துவந்த கேட்வேயின் பதிவில் இருக்கிறது. மறுக்கவில்லை. இழுத்தது நான். பொய் சொன்னதும் நான். மேசையில் ஓர் ஆள் கிடக்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் இடது கேபிளைக் கழற்றியது அவர் கை, ஐயா. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.