அடுப்படி ஃபேன் சத்தம்

இல்லக்கா, எனக்காக வாஷிங் மெஷின நிறுத்த வேணாம், அது பாட்டுக்கு ஓடட்டும். நான் இந்த ஸ்டூல்ல ஓரமா உக்காந்துக்கறேன். ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். கேக்கறேன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன். நீங்கதான இங்க தமிழ் பேசுற அக்கா? கதவுகிட்ட வரும்போதே தெரிஞ்சுபோச்சு, ஃபோன்ல யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டிருந்தீங்க. சோப்பு கொண்டு வர்றவரா? நல்லா வாங்குங்க. இங்க காலைலேர்ந்து எல்லாரும் சிரிச்சு சிரிச்சு இங்கிலீஷ்லயே பேசுறாங்க, நானும் பல்லக் காட்டிக் காட்டி வாயே வலிக்குது. நம்ம மொழில ஒருத்தர் திட்டுறதக் கேட்டதும்தான் உயிர் வந்துச்சு.

ஆமா, வாலுவோட அம்மாதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க, மூக்கு அதேதானா? பாவம், அது ஒன்னுதான் என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டா.

அவளா? இருக்கா. பாத்ரூம் போயிருக்கா. வருவா.

உங்களப் பத்தி ஃபோன்ல சொல்லியிருக்கா. மதியம் எல்லாப் பிள்ளைங்களும் படுத்திருக்கும்போது இவ இங்க ஓடி வந்துடுவாளாமே. பெட்ஷீட்ட நீங்க ஒரு முனை அவ ஒரு முனை பிடிச்சு மடிப்பீங்களாமே. வீட்டுல ஒரு கர்ச்சீஃப் மடிச்சு நான் பாத்ததில்ல. பேசுவாளா? ஓயாமயா? நெஜமாவா சொல்றீங்க? அக்கா, எங்க வீட்டுல அவ அப்படிப் பேசி நானே கேட்டதில்ல. வாலுன்னு பேர் வச்சது அவ ரெண்டு வயசுல பண்ணுன அட்டகாசத்துக்கு. இப்ப அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா கிண்டல் பண்ற மாதிரி இருக்கும், அவ்வளவு அமைதி. வர்றவங்கல்லாம் எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு சொல்லுவாங்க. நானும் பெருமையாத் தலைய ஆட்டிக்கிட்டிருப்பேன்.

நாங்க பெரிய இடமெல்லாம் இல்லக்கா. இங்க வந்து நிக்கிற காரெல்லாம் பாத்துட்டு அப்படி நெனச்சுடாதீங்க. அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் பல் செட்டு செய்யுற லேப்ல இருக்கேன், நாள் முழுக்க யாரோ ஒருத்தர் சிரிப்ப மெழுகுல செதுக்கிக்கிட்டு. அவர் கம்பெனில வருஷா வருஷம் ஸ்டாஃப் பிள்ளைங்களுக்குக் குலுக்கல் போடுவாங்க, இந்த மாதிரி பல நாட்டுப் பிள்ளைங்க சேந்து தங்குற கேம்புக்கு அனுப்ப. மேனேஜர் பிள்ளைங்களுக்குத்தான் விழும்னு நெனச்சோம். இவ பேர் விழுந்துருச்சு. அவர் அன்னிக்கு ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு. நான் பேயறைஞ்ச மாதிரி நின்னேன்.

ஏன்னா... உங்ககிட்ட மறைச்சு இனிமே என்ன ஆகப்போகுது. அவளுக்கு ராத்திரில படுக்கை நனையும் அக்கா. பத்து வயசுல. தெனம்னே வச்சுக்கோங்க. எங்க வீட்டு பால்கனில எப்பவும் ஒரு விரிப்பு காயும். அக்கம்பக்கத்துல என்னைச் சுத்தக்காரின்னு பேசிக்கிறாங்க.

டாக்டர்கிட்ட காட்டாம இருப்போமா? காட்டுனோம். எல்லா டெஸ்டும் எடுத்தாரு, உடம்புல ஒரு குறையும் இல்லன்னுட்டாரு. அப்புறம் பேனாவ மூடி வச்சுட்டு, வீட்டுல எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாரு. எல்லாம் சரியா இருக்குன்னு நானும் அவரும் ஒரே மூச்சுல சொன்னோம். கல்யாணம் ஆனதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையாச் சொன்ன ஒரே பதில் அதுதான்னு நெனைக்கிறேன்.

கேம்புக்குப் போகலாமான்னு கேட்டதும் அவ வேணாம்னு சொல்லல, அதுதான் ஆச்சரியம். ஒன்னே ஒன்னு கேட்டா. அம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னா. கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. அடிச்சுக் கொடுத்தேன். உடம்புக்கு ஏதாவது உண்டான்னு இங்கேர்ந்து கேட்டப்பக் கூட ஒன்னும் இல்லன்னுட்டேன். ஒரு ரப்பர் ஷீட்ட வாங்கி, தலையணை உறைக்குள்ள மடிச்சு வச்சுத் தச்சு, யாரும் பாக்காதப்ப எடுத்து விரிச்சுக்கோன்னு சொல்லி அனுப்புனேன். அவ இங்க வந்து இறங்குன அன்னிக்கு எனக்கு லேப்ல கை ஓடல. எந்த நிமிஷம் ஃபோன் வருமோ, எந்தப் பிள்ளை என் பிள்ளைய என்ன சொல்லிச் சிரிக்குமோன்னு.

ஃபோன் வந்துச்சு. வாரத்துக்கு ஒரு தடவைதான பேச விடுறீங்க. வந்து என்ன சொல்றா தெரியுமா, அம்மா எனக்கு மேல் கட்டில் கெடச்சிருக்குன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடியேய், மேல் கட்டிலா, கீழ ஒரு பிள்ளை படுத்திருக்குமேன்னேன். குரலத் தாழ்த்தி, இங்க வர்றதே இல்லம்மான்னா. ஒரு தடவை கூட இல்லையாம். எனக்கு நம்பிக்கை வரல. அடுத்த வாரமும் கேட்டேன், அதேதான். மூணாவது வாரம் நான் கேக்கல. அவளும் சொல்லல. மறந்தே போயிருக்கா.

நீங்களே சொல்லுங்க, இந்த விரிப்பெல்லாம் உங்க கை படாம போறதில்ல... ஒரு தடவையும் நனஞ்சு வரலையில்ல? ம். தெரியும். கேக்கணும்னு கேட்டேன்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பட்டேன். ஆனா பாத்திரம் கழுவும்போது, பஸ்ல நிக்கும்போது, ஒரு கேள்வி வந்து வந்து இடிக்கும். முன்பின் தெரியாத ஊர்ல, பாஷை தெரியாத பிள்ளைங்க நடுவுல, மேல் கட்டில்ல நனையாத படுக்கை, பெத்தவங்க பக்கத்து ரூம்ல இருக்கும்போது ஏன் நனையுது? அந்தக் கேள்விய நான் யார்கிட்டயும் கேக்கல. அவர்கிட்ட கேட்டா அதுவே ஒரு சண்டையாகும்.

ஆமாக்கா. சண்டைதான்.

அடி உதையெல்லாம் கெடையாது, அப்படிப் பாக்காதீங்க. வாய்தான். சாவிய எங்க வச்சேன்னு ஆரம்பிக்கும், எந்த நேரத்துல உன்னக் கட்டினேனோன்னு போய் நிக்கும். எதுக்குச் சண்டைன்னு கேட்டா மறுநாள் எங்களுக்கே சொல்லத் தெரியாது. ஆனா ஒரு கொள்கை வச்சிருந்தோம், பிள்ளை முன்னாடி சத்தம் போடக்கூடாதுன்னு. அதுல நான் கறாரு. அவரு ஆரம்பிச்சார்னா நான் கண்ணக் காட்டுவேன், ரெண்டு பேரும் அடுப்படிக்குப் போயிருவோம். கதவச் சாத்திட்டு, புகை இழுக்குற ஃபேன் இருக்குல்ல, அதப் போட்டுருவேன். எங்க வீட்டு ஃபேன் பழசு, கடகடன்னு ஊரையே தூக்கும். அந்தச் சத்தத்துக்குள்ள நாங்க எங்க வழக்கத் தீத்துக்குவோம். வெளிய வந்து பாத்தா வாலு போர்வையத் தலைவரைக்கும் இழுத்து மூடிப் படுத்திருப்பா. நல்லாத் தூங்குறா, ஒன்னும் கேக்கலன்னு நான் லைட்ட அணைப்பேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க எனக்கு.

இன்னிக்குக் காலைல அவளக் கூட்டிட்டுப் போக இங்க வந்ததும் அவ ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. கறுத்துப்போயிருக்கா, முட்டில ரெண்டு சிராய்ப்பு, என்னமோ புதுசா ஒரு நடை. அவகூட ஒரே கேபின்ல தங்குன பிள்ளைங்கள ஒவ்வொருத்தியா இழுத்துட்டு வந்து காமிச்சா. அஞ்சு பேரு, அஞ்சு பாஷை. எல்லாரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கையப் போட்டுக்கிட்டு. அப்ப அவங்களப் பாத்துக்கற காலேஜ் பொண்ணு வந்துச்சு, அதான், நெத்தில ரிப்பன் கட்டியிருக்குமே, அதேதான். ரொம்ப நல்ல பொண்ணு. உங்க மக எங்க எல்லாரையும் சிரிக்க வச்சுட்டான்னு சொல்லுச்சு. மெதுவாப் பேசுனா எனக்கு இங்கிலீஷ் புரியும்.

வந்த மொத நாள் சாயந்தரமாம். எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்திருக்காங்க. சமையக்கட்டுல அந்தப் பெரிய ஃபேனப் போட்டிருக்காங்க. இவ கரண்டியக் கீழ வச்சுட்டு, சுத்திமுத்திப் பாத்துட்டு, யாரு சண்டை போடுறாங்கன்னு கேட்டாளாம்.

யாருக்கும் ஒன்னும் புரியலயாம். ஃபேன் போட்டா சண்டைன்னு அர்த்தமில்லையான்னு இவ கேட்டிருக்கா. எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சிருக்குங்க. அதுலேர்ந்து தெனமும் அந்த ஃபேன் ஓட ஆரம்பிச்சா போதுமாம், மொத்தக் கூடமும் ஒரே குரல்ல யாரு சண்டை போடுறாங்கன்னு கத்துமாம். உள்ளேர்ந்து சமையக்காரர் கரண்டியத் தூக்கிக் காட்டி நான்தான், நான்தான்னு கத்துவாராம். நீங்களும் கத்துவீங்களா? அப்படியா. நல்ல விளையாட்டுதான்.

நானும் சிரிச்சேன் அக்கா. அந்தப் பொண்ணு முன்னாடி வேற என்ன செய்ய? அவரும் சிரிச்சாரு. வாலு எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னா. அவ சிரிக்கல. மாட்டிவிட்டுட்டோமேன்னு பயந்த மாதிரி நின்னா.

அதோட விட்டிருக்கலாம். பெட்டியத் தூக்கிட்டு, நாங்க இரவல் வாங்கிட்டு வந்த கார் நிக்கிற இடத்துக்கு நடந்தோம். அந்த அஞ்சு பேரும் அந்தப் பொண்ணும் வழியனுப்ப பின்னாடியே வர்றாங்க. அவரு டிக்கியத் திறந்துக்கிட்டே, வாய்க்குள்ள, கேட்டியா, உன் ஃபேன் லட்சணத்தன்னாரு. என் ஃபேனா, கத்துறது யாரு, நான் மூடி மறைக்காட்டி ஊரே சிரிச்சிருக்கும்னேன். இப்ப மட்டும் என்ன, உலகமே சிரிக்குதுன்னாரு. நான் ஒன்னு சொன்னேன். அவரு ஒன்னு சொன்னாரு. சத்தம் ஏறுனது எனக்குத் தெரியல, சத்தியமாத் தெரியல. பழக்கம். அங்க ஃபேன் இல்லங்கறதக் கூட மறந்துட்டேன். அவரு டிக்கிய ஓங்கி அடைச்சாரு.

வாலு ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கிட்டிருந்தா. கீழ குனிஞ்சு பாத்தா. அப்பத்தான் நானும் பாத்தேன். சாம்பல் கலர் பேன்ட்டு அக்கா, ஒன்னும் மறைக்காது.

பட்டப்பகல்ல, முழிச்சிருக்கும்போது இதுவரைக்கும் ஆனதே இல்ல.

அந்த ரிப்பன் பொண்ணு ஓடி வந்து, என்னாச்சு, உடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சு. பிள்ளைங்களும் வந்து நின்னுச்சுங்க. அந்த எடத்துல ஒரு தாய் என்ன சொல்லியிருக்கணும்? தண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லியிருக்கலாம். துப்பட்டாவ எடுத்து அவ இடுப்புல சுத்தியிருக்கலாம். ஒன்னுமே சொல்லாம வாரி அணைச்சுக்கிட்டிருக்கலாம். எனக்கு அப்ப மனசுல ஓடுனது ஒன்னே ஒன்னுதான், நாங்க போட்ட சண்டையாலதான் இப்படி ஆச்சுன்னு இவங்க யாரும் நெனச்சுடக் கூடாதேன்னு.

அதனால சொல்லிட்டேன். இது அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து இருக்குற வியாதி, வீட்டுல தெனம் ராத்திரி படுக்கைலயே போயிடுவா, டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்கோம்னு. நல்லா, தெளிவா, சத்தமா. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு கோர்வையா வந்ததே இல்லக்கா. வாய் தவறி வந்துருச்சுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சுதான் சொன்னேன்.

அவ என்னைப் பாக்கல. அவங்க அப்பாவையும் பாக்கல. அந்தப் பிள்ளைங்களத்தான் பாத்தா, ஒவ்வொரு மூஞ்சியா. அப்புறம் நடந்து போயிட்டா. ஓடக்கூட இல்ல. அந்தக் கோடில இருக்குற பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டா.

அவரு கார்ல கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு ஸ்டியரிங்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் போய்க் கதவத் தட்டுனேன். மாத்துத் துணி கொண்டு வந்திருக்கேன்னேன். கெஞ்சுனேன். ரொம்ப நேரம் கழிச்சு உள்ளேர்ந்து, துணி துவைக்கிற அக்காவ வரச் சொல்லுன்னு மட்டும் சொன்னா.

அதுக்குத்தான் வந்தேன். பிள்ளை அங்க ஈரத்தோட நிக்குது, நான் இங்க உக்காந்து கதை அளந்துக்கிட்டிருக்கேன். தெரியுது. திட்டுங்க. ஆனா நீங்க போறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு இருந்துச்சு, அவளுக்கு வியாதி ஒன்னும் இல்லக்கா. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. அங்க சொன்னத இங்கயாவது மாத்திச் சொல்லணும்ல.

இந்தாங்க, இந்தப் பையில பேன்ட்டு இருக்கு, உள்ளாடை இருக்கு, துண்டும் வச்சிருக்கேன். நீங்க போங்க, இந்த மெஷின நான் பாத்துக்கறேன். அம்மா எங்கன்னு அவளாக் கேட்டா மட்டும் சொல்லுங்க, இங்க இருக்கேன்னு. கேக்கலன்னா சொல்ல வேணாம்.