பாடாத நட்சத்திரம்

அம்மா: கடைசியா அந்த நட்சத்திரம் எப்பப் பாடுச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

அப்பா: நான் ஏணி மேல நின்னு கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்குச் சரம் சுத்தும்போது பாடிட்டுத்தான் இருந்துச்சு. அதே பாட்டு. திரும்பத் திரும்ப.

அம்மா: அப்புறம்?

அப்பா: அப்புறம் நின்னுடுச்சு. அப்பாடா, ஒரு வழியா ஓய்ஞ்சுதுன்னு நெனச்சேன்.

அம்மா: ஏன் நின்னுச்சுன்னு திரும்பிப் பார்க்கணும்னு தோணலையா?

அப்பா: நீயும்தானே சொன்னே, அந்த நட்சத்திரத்தைத் தூக்கித் தண்ணியில போட்டா என்னன்னு...

அம்மா: சொன்னேன். காசு மாதிரி இருக்கற அந்தப் பேட்டரியைக் கழட்டிப் பிள்ளை கையில குடுங்கன்னா சொன்னேன்?

அப்பா: மெதுவாப் பேசு. ஆஸ்பத்திரியில எல்லாரும் பார்க்கறாங்க.

அம்மா: பார்க்கட்டும்.

அப்பா: நான் என்னதான் பண்ணல சொல்லு. மெழுகுவத்தியே வேண்டாம்னேன். கண்ணாடி உருண்டையெல்லாம் அவன் கைக்கு எட்டாத உயரத்துல கட்டினேன். மரம் சாஞ்சுடக் கூடாதுன்னு ஜன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டினேன்.

அம்மா: ஆமா, மேல பாதி கல்யாணப் பொண்ணு, கீழ பாதி மொட்டை. உங்க அக்கா வந்து பார்த்துட்டு, மரத்துக்கு ஜவுளி பத்தலையான்னு கேட்டாங்க.

அப்பா: சிரிச்சாலும் பரவாயில்லன்னுதானே அப்படிக் கட்டினேன்... இவ்வளவு பண்ணிட்டு, ஒரு சின்ன பேட்டரி மூடியில போய்...

அம்மா: அதுல ஸ்க்ரூ இல்லன்னு நேத்தே சொன்னேன்ல?

அப்பா: டேப் ஒட்டினேன்.

அம்மா: டேப்பைப் பிரிக்கறதுதான் அவனுக்குச் சோறு தண்ணி.

அப்பா: மூணு சுத்து ஒட்டினேனே.

அம்மா: சரி விடுங்க. நானும் அங்கதானே இருந்தேன். கேக் அடுப்புல இருக்குன்னு உள்ள போனது நான்தான்.

அப்பா: இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் அவன்கிட்ட. நீ கேட்டா சொல்லுவான்.

அம்மா: எத்தனை தடவை கேட்கறது? பேட்டரியை வாயில போட்டியாடான்னு கேட்டா ஆமாம்னு தலையாட்டறான். தூக்கிப் போட்டியான்னு கேட்டா அதுக்கும் ஆமாம். தெருவுல நிக்கற லாரியை முழுங்கினியான்னு கேட்டேன். அதுக்கும் ஆமாம்.

அப்பா: ரெண்டு வயசுல எல்லாப் பிள்ளையும் அம்மான்னாவது சொல்லுது. இவன் தலையை மட்டும் ஆட்டறான்.

அம்மா: அதை இப்ப ஆரம்பிக்காதீங்க. அவன் பேசும்போது பேசுவான்.

எக்ஸ்ரே அக்கா: பேட்டரி கேஸ் யாரு? நீங்கதானா?

அப்பா: நாங்கதான் மேடம்.

எக்ஸ்ரே அக்கா: டாக்டர் போன் பண்ணினாரு. வரிசையெல்லாம் வேண்டாம், நீங்க முதல்ல வாங்க. வழியில சாப்பிட, குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?

அம்மா: எதுவும் குடுக்கல அக்கா. தண்ணி கேட்டு அழுதான், அதுகூடக் குடுக்கல.

எக்ஸ்ரே அக்கா: நல்லதாப் போச்சு. வாந்தி? எச்சில் ஒழுகுதா?

அம்மா: எச்சில் எப்பவும் ஒழுகும் அக்கா... பல்லு முளைக்குது.

அப்பா: மேடம், ஒருவேளை முழுங்கியிருந்தா... அது தானா வெளிய வந்துடும்ல? எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. வாழைப்பழம் குடு, காலையில பார்க்கலாம்னு.

எக்ஸ்ரே அக்கா: காசை முழுங்கினா வேற சார், இது வேற. இது தொண்டைக்குழாயில மாட்டிக்கிச்சுன்னா சும்மா இருக்காது, உள்ளயே சுட ஆரம்பிச்சுடும். வாழைப்பழத்தை நம்பாம நேரா இங்க வந்தீங்க பாருங்க, அது பெரிய காரியம்.

அப்பா: இவதான் கிளம்புன்னா. செருப்புகூடப் போடல, பாருங்க.

எக்ஸ்ரே அக்கா: பார்த்தேன். சரி, உள்ள யாராவது ஒருத்தர் அவனைப் பிடிச்சுக்கணும். அம்மா, நீங்க வர்றதா இருந்தா ஒரு கேள்வி கேட்கணும்...

அம்மா: அவரே வரட்டும் அக்கா.

எக்ஸ்ரே அக்கா: நான் இன்னும் கேட்கவே இல்லையேம்மா.

அம்மா: அதான்... அவரே வரட்டும்.

எக்ஸ்ரே அக்கா: ஓ. சரி சரி. சார், நீங்க வாங்க.

அப்பா: என்ன விளையாடறியா? என் கையில நிப்பானா அவன்? ஊசி போடும்போதே உன்னைக் கேட்டுத்தானே ஆஸ்பத்திரியை ரெண்டாக்கினான்.

அம்மா: என்னால அவனைப் பிடிச்சுக்க முடியாதுங்க. நீங்க போங்க. தயவுசெஞ்சு.

அப்பா: இவ்வளவு தூரம் செருப்பில்லாம ஓடி வந்துட்டு, கதவுகிட்ட வந்து...

எக்ஸ்ரே அக்கா: சார், உள்ள வாங்க. நேரம் போகுது. அவனுக்குப் பிடிச்சது ஏதாவது கையில இருக்கா?

அம்மா: கரடி பொம்மை இருக்கு. அதை விடவே மாட்டான்.

எக்ஸ்ரே அக்கா: கரடியும் வரட்டும்.

அப்பா: இது என்ன மேடம், இவ்வளவு கனமா இருக்கு?

எக்ஸ்ரே அக்கா: ஈய அங்கி, கதிர் உங்க மேல படாம இருக்க. பிள்ளைக்குத்தான் படம், உங்களுக்கில்ல. போட்டுக்கங்க. கையை இப்படிப் பிடிங்க... இறுக்க வேண்டாம். அழறானே.

அப்பா: அம்மாவைத் தேடறான். டேய், டேய்... அப்பாதான்டா. இங்க பாரு...

எக்ஸ்ரே அக்கா: கரடியைப் பக்கத்துல படுக்க வைங்க. கொஞ்சம் தள்ளி. கரடிக்குத்தான்டா படம் எடுக்கறோம். நீ அதுகூடச் சும்மா படுத்துக்கறே, சரியா?

அப்பா: தலையாட்டிட்டான்.

எக்ஸ்ரே அக்கா: அப்படியே... ஆடக் கூடாது... அவ்வளவுதான். முடிஞ்சுது.

அப்பா: அவ்வளவுதானா?

எக்ஸ்ரே அக்கா: அவ்வளவுதான். இந்தத் திரையில வரும். அம்மாவையும் கூப்பிடுங்க, இனிமே உள்ள வரலாம்.

அம்மா: என்னாச்சு? இருக்கா, இல்லையா?

எக்ஸ்ரே அக்கா: இருங்க, வரட்டும்... வருது.

அம்மா: கடவுளே... அந்த வட்டம்...

அப்பா: இருக்கு. வெள்ளையா, வட்டமா... ஐயோ, இருக்கு மேடம்...

எக்ஸ்ரே அக்கா: ஓரத்துல ரெட்டைக் கோடு தெரியுது. பேட்டரிதான், காசு இல்ல. ஆனா... ரெண்டு பேரும் அழறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. இது எங்க இருக்குன்னு பாருங்க.

அப்பா: வயித்துலயா?

எக்ஸ்ரே அக்கா: இதோ இது அவன் கை. இந்தக் கைக்கு அந்தப் பக்கம், படத்தோட ஓரத்துல இருக்கு. அவன் உடம்புலயே இல்ல சார்.

அம்மா: உடம்புல இல்லன்னா... காத்துலயா இருக்கு?

எக்ஸ்ரே அக்கா: இந்த ரெண்டு புள்ளியைப் பாருங்க. கண்ணு. துணியும் பஞ்சும் படத்துல விழாது, கண்ணு மட்டும் விழுந்திருக்கு. கரடிம்மா. உங்க பிள்ளை முழுங்கல, உங்க கரடி முழுங்கியிருக்கு.

அப்பா: நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மேடம். அவனுக்குள்ள...?

எக்ஸ்ரே அக்கா: ஒண்ணுமில்ல. தொண்டையிலேர்ந்து கீழ வரைக்கும் சுத்தம். டாக்டரும் ஒரு தடவை பார்ப்பாரு, ஆனா நீங்க மூச்சு விடலாம்.

அம்மா: வாடா... அம்மாகிட்ட வாடா தங்கம்...

அப்பா: மேடம். அதை அணைச்சுடாதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

எக்ஸ்ரே அக்கா: எதை?

அப்பா: படத்தை. இது... இதுதான் அவனா?

எக்ஸ்ரே அக்கா: அவனேதான்.

அப்பா: நடுவுல நிழல் மாதிரி, வெள்ளையா...

எக்ஸ்ரே அக்கா: இதயம்.

அப்பா: இவ்வளவுதானா?

எக்ஸ்ரே அக்கா: அவன் மடக்கின கை எவ்வளவோ, அவ்வளவுதான். நாள் பூரா ஓடறதும், டேப்பைப் பிரிக்கறதும் எல்லாம் இதை வெச்சுத்தான்.

அப்பா: விலா எலும்பைப் பாரேன். சீப்புப் பல்லு மாதிரி... என்ன ஒரு ஒழுங்கு. நான் ஒரு சரத்தை நேரா கட்ட அரை நாள் அல்லாடினேன். இதை யாரும் பக்கத்துல இருந்து கட்டல. நாம தூங்கிட்டு இருந்தோம், சண்டை போட்டுட்டு இருந்தோம்... அது பாட்டுக்கு உள்ள கட்டிக்கிட்டே இருந்திருக்கு.

அம்மா: ஆமாங்க.

அப்பா: தோள்பட்டைகிட்ட எலும்பு விட்டுப் போயிருக்கே மேடம், அது ஒடஞ்சிருக்கா?

எக்ஸ்ரே அக்கா: ஒடையல. சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அந்த இடைவெளியிலதான் எலும்பு வளரும். பெரியவனானதும் மூடிக்கும்.

அப்பா: வளர்றதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கா?

எக்ஸ்ரே அக்கா: ஆமா. விட்டு வெச்சிருக்கு.

அம்மா: என்னங்க... அழறீங்களா?

அப்பா: தெரியல. பயமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. கும்பிடணும் போல இருக்கு. இவ்வளவு நாளா இதையா நான் தோள்ல போட்டுக்கிட்டு, கறிகாய் வாங்கப் போயிட்டு வந்தேன்?

எக்ஸ்ரே அக்கா: நான் வேலைக்குச் சேர்ந்து தலை நரைச்சுப் போச்சு சார். சின்னப் பிள்ளைங்க படம் வந்தா இன்னமும் ஒரு நிமிஷம் சும்மா பார்த்துட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

அம்மா: அக்கா, அந்தக் கரடியைக் குடுங்க. முதல்ல அதை வெளிய எடுக்கணும்.

எக்ஸ்ரே அக்கா: இருங்க... தொப்புள்கிட்ட தையல் விட்டிருக்கு. விரல் போகுது... இதோ. அட, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கான்.

அப்பா: சுத்தியா?

எக்ஸ்ரே அக்கா: போர்வை மாதிரி. எவ்வளவு பத்திரமா, பாருங்க. இதை நானே வெச்சுக்கறேன். குப்பையில போட்டா இன்னொரு பிள்ளை எடுக்கும்.

அப்பா: டேய், கரடிக்குப் பசிச்சுதா? ...ஆமாங்கறான். கரடி பாடணும்னு வெச்சியா? ...அதுக்கும் ஆமாம்.

எக்ஸ்ரே அக்கா: அவன் பண்றதைப் பாருங்க. கரடியை வாங்கி, அது வயித்துல காதை வெச்சுக் கேட்கறான்.

அப்பா: வீட்டுலயும் காலையிலேர்ந்து இதேதான். பாட்டு கேட்குதான்னு பார்க்கறானோ என்னவோ... இல்லையே, சிரிக்கறானே. தடவிக் குடுக்கறான். இதெல்லாம் இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

எக்ஸ்ரே அக்கா: என்னைப் பார்க்காதீங்க சார். எனக்கு அந்தக் கதவுகிட்டயே தெரிஞ்சு போச்சு. ஆனா அதை நான் சொல்லக் கூடாது.

அப்பா: என்ன தெரிஞ்சு போச்சு? ஏய்... நீ எதுக்கு இப்பக் கீழ பார்க்கறே?

அம்மா: நான் உள்ள வராததுக்குக் காரணம் இருக்குங்க. நாளைக்குக் காலையில, எல்லாரும் மரத்தடியில உட்கார்ந்ததும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேங்க. அதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லலன்னா தலை வெடிச்சுடும் போல இருந்துச்சு... இவன்தான் பேச மாட்டானேன்னு நேத்து இவன் காதை என் வயித்துல வெச்சு, உள்ள ஒரு பாப்பா தூங்குதுடான்னு சொல்லிட்டேன்.