கொழுத்தவனுக்குக் கொள்ளு

— கரையேறி வாங்களேன். ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு.

— இன்னும் செத்த நேரம் வேம்பு. இப்பத்தான் நடுக்கம் நின்னுருக்கு.

— நின்னா நல்லதுன்னு யாரு சொன்னா? வெறைச்சுப் போயிருப்பீங்க. மார்கழிப் பனியில, கழுத்தளவு உப்புத் தண்ணியில... புத்தி இருக்கவன் செய்யிற வேலையா இது?

— கொழுப்பு கரையுதுடி. குளுருல ஒடம்பு தன்னைச் சூடாக்கிக்க உள்ள இருக்க கொழுப்பை எரிக்குமாம். கம்பவுண்டர் ஒருத்தரு எப்பவோ சொன்னது.

— அப்படியா? நாள்பூரா கொளத்துல கெடக்குற எருமை ஏன் எளைக்கல? முருகையன் வீட்டு எருமை எளைச்சு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?

— எருமை கரையேறுனா திங்கிது. நான் திங்காம நிக்கிறேன்.

— அதான பாத்தேன். முந்தாநாளு கொண்டாந்த சோறு பாதி பானையில புளிச்சுக் கெடக்கு. குளுந்த தண்ணியில நின்னா பசி ரெண்டு மடங்கால்ல எடுக்கும்...

— எடுக்குது. கொடலைப் புடுங்குது. ஒருவேளை உண்டுட்டு, துண்டை வயித்துல இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்துடறேன்.

— எளைக்கணும்னா ஏதாச்சும் ஒண்ணைப் பண்ணுங்க. சோத்தைக் கொறைங்க, இல்ல தண்ணியில நில்லுங்க. ரெண்டையும் சேத்துப் பண்ணுனா ஆளு எளைக்க மாட்டான், போய்ச் சேந்துடுவான்.

— எனக்கு ரெண்டும் வேணும்.

— என்ன வீம்புங்க இது? ஐப்பசியிலேந்து இந்த அலையாத்திக் காட்டுலதான் கெடக்கீங்க. அப்பல்லாம் கொண்டாந்ததை வழிச்சு வழிச்சுத் தின்னீங்க. இப்பக் கொஞ்ச நாளாத்தான் இந்தக் கூத்து.

— ஆத்தாவுக்கு முடியலன்னு நீதான சொன்ன? போலீசு தேடுறது குண்டு மருதையனை. எளைச்சுப்புட்டா முத்துப்பேட்டையில பஸ் ஏறி ஊருக்கு வந்துடுவேன். அவ முகத்தை ஒரு தரம் பாத்துட்டுத் திரும்பிடுவேன்.

— வேணாங்க. நீங்க குண்டாவே இருங்க. இங்கயே இருங்க.

— ஏன்டி?

— ஏன்னா... அவனுவளுக்கு ஆளு வேணும். அறுப்பு அன்னிக்கு அருவாள் வீசுனது யாருன்னு யாருக்குத் தெரியும்? பண்ணையோட கணக்குப்பிள்ளை கையில வெட்டு விழுந்துச்சு.

— நான் தடுக்கத்தான் போனேன்.

— ஊரே தடுக்கத்தான் போச்சு. ஊர்ல குண்டா இருந்தது நீங்க ஒருத்தருதான். அடையாளம் சொல்லச் சுளுவாப் போச்சு.

— குத்தகை நெலத்துல நாம வெதச்சு நாம அறுத்தோம். குத்தகையைப் பதிஞ்சு தர்றோம்னு சட்டம் போட்டது நம்ம கட்சி ஆட்சிதான். பதிஞ்சு தாங்கன்னு கேட்டா போலீசை அனுப்புனதும் நம்ம ஆட்சிதான். இதுக்கா கொடி புடிச்சேன் இத்தினி வருசம்... வுடு. ஆத்தா எப்படி இருக்கா?

— இருக்காங்க.

— அதையே சொல்ற. நேத்து என்ன பண்ணுனா?

— நேத்தா... கஞ்சி குடிச்சாங்க.

— தொட்டுக்க?

— நாரத்தங்கா ஊறுகா. கேட்டு வாங்கித் தின்னாங்க.

— திட்டுனாளா?

— திட்டாம இருப்பாங்களா? உப்பு பத்தலன்னு என்னைய ஒரு பாட்டம் திட்டுனாங்க.

— சொல்லு. இன்னும் சொல்லு.

— என்னத்த சொல்ல... உங்களைக் கேட்டாங்க. 'எம்புள்ள பசி தாங்க மாட்டானே'ன்னாங்க. என்னங்க? தண்ணியில முங்குறீங்க? மூஞ்சியை ஏன் இந்தத் தேய் தேய்க்கிறீங்க?

— உப்புத் தண்ணி... கண்ணுல பட்டுருச்சு.

— கரையேறுங்க மொதல்ல. இந்தாங்க துண்டு. எலும்பு தெரியுது பாருங்க, தோள்ல. குண்டு மருதையன்னு இனிமே யாரு சொல்லுவா? ஒக்காருங்க, சூடு ஆறல. ரெண்டு வாயி தின்னுங்க.

— கொழம்பா?

— கத்திரிக்காக் கொழம்பு.

— கடுகைக் காணோமே. தாளிக்கலியா?

— எண்ணெ தீந்துபோச்சு.

— போன தடவையும், அதுக்கு முந்தியும் இதத்தான் சொன்ன.

— ஆமா, செக்கா வச்சிருக்கேன் வீட்டுல? எளைக்கணும்ங்கிறவருக்கு எண்ணெ எதுக்கு?

— அதுவும் சரிதான்.

— இன்னொரு உருண்டை...

— போதும். இதான் இன்னிக்கு. கலந்தர் பாய் எங்க?

— தோணியிலதான் இருக்காரு. தண்ணி வத்துறதுக்குள்ள கெளம்பணும்ங்கிறாரு.

— அப்ப சட்டுனு கேட்டுக்க. நாளைக்கு வர்றப்ப ஒரு பிளேடு கொண்டா. மீசையை எடுத்துடறேன்.

— மீசையையா? கொடி புடிச்சுப் போன செயில்ல மொட்டை அடிக்க வந்தப்பக்கூட சண்டை போட்டுக் காப்பாத்துன மீசையாச்சே?

— மீசை இல்லாட்டித்தான் அடையாளம் தெரியாது. அப்புறம்... கொஞ்சம் எள்ளும் கொண்டா.

— எள்ளா?

— கறுப்பு எள்ளு. ஒரு புடி போதும்.

— நல்லாருக்கே கதை. எளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க. எளைக்கப் போறவருக்குக் கொள்ளுல்ல வேணும்? அவிச்சே கொண்டாறேன்.

— கொள்ளு வேணாம். எள்ளு.

— அது சூடுங்க. வெறும் வயித்துல தின்னா...

— திங்கிறதுக்கு இல்ல.

— பின்ன எதுக்கு... என்னங்க. ஏன் என்னைய இப்படிப் பாக்குறீங்க?

— பாய் கூப்புடுறாரு பாரு. கெளம்பு.

— நான் போவல. நீங்க ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லுங்க. எம்மேல சத்தியமா வரமாட்டேன்னு சொன்னாத்தான் கெளம்புவேன்.

— வரல.

— இவ்வளவு பாடுபட்டு எளைச்சுப்புட்டு, இவ்வளவு லேசா வரலங்கிறீங்க... இல்ல, நீங்க வருவீங்க. நான் போனதும் கெளம்புவீங்க. வேணாங்க. அங்க வந்து... அங்க வந்து பாக்குறதுக்கு...

— கொள்ளி யாரு வச்சா?

— ஐயோ... என்னங்க...

— அழுவாத. கேக்குறதுக்குச் சொல்லு. யாரு வச்சா?

— உங்க சித்தப்பா மவன் தியாகேசன் தம்பி... நான் வேணும்னு மறைக்கலங்க. சுடுகாட்டு வேலியோரம் சட்டை மாத்திக்கிட்டு போலீசு நின்னான். நீங்க கொள்ளி வைக்க வருவீங்கன்னு காத்துக்கிட்டே நின்னான். சொன்னா நீங்க இங்க நிக்க மாட்டீங்க. போன உசுரு போச்சு, உங்களையும் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா என்னைய? ...யாரு சொன்னா? கலந்தர் பாயா?

— பாய் வாயைத் தொறக்கல. ஒன் கொழம்புதான் சொன்னுச்சு. கடுகு வெடிக்காத வீடு எந்த வீடுடி? செத்த வீட்டுலதான கருமாதி வரைக்கும் தாளிக்க மாட்டாங்க.

— அப்ப... மொதல்ல தாளிக்காம கொண்டாந்த அன்னிக்கே தெரியுமா? தெரிஞ்சுகிட்டா ஆத்தா எப்படி இருக்கா, என்ன தின்னான்னு என்னையக் கேட்டீங்க? தெரிஞ்சுகிட்டா இந்தத் தண்ணியில நின்னீங்க, எளைக்கணும்னு?

— கொள்ளி வைக்காத புள்ள வேற என்னத்தடி செய்யிறது? விடியக்காலம் தலை முழுகுனேன், ஒருவேளை உண்டேன். துக்கம் காக்குறேன்னு சொன்னா, அவ செத்துட்டான்னு நீ வாயால சொல்லிடுவ... எளைக்கிறேன்னு சொன்னதுல நீ வர்றப்பல்லாம் ஒன் பேச்சுல அவளுக்குக் கஞ்சி ஊத்துன, ஊறுகா வச்ச, திட்டு வாங்குன. நாளன்னிக்குக் கருமாதி. இனிமே அவ கஞ்சி குடிச்சான்னு சொல்லாத. எள்ளை மட்டும் மறந்துடாம கொண்டா.