இருபது வயதுப் பெண்ணின் ரத்தம்

ஆமாம், இரண்டு திங்கட்கிழமையும் அக்கா பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது என் ரத்தம்தான். என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தேழு. புற்றுநோய் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

அக்காவுக்கு நாற்பத்தொன்று. மார்பில் கட்டி. வாரம் ஐந்து நாளாக முப்பது நாள் கதிர்வீச்சு. திங்கள்தோறும் ரத்தம் எடுப்போம். வெள்ளை அணுக்கள் குறைந்தால் கதிர்வீச்சை நிறுத்திவைப்பார்கள். மிச்ச ரத்தத்தில், கிருமியை எதிர்க்கும் அணுக்களில் எத்தனை மூப்படைந்துவிட்டன என்று ஆராய்ச்சிக்காக எண்ணுவோம். மூப்படைந்தவை சாவதில்லை, வேலையும் செய்வதில்லை. அக்காவுக்கு முதல் வாரம் நூற்றுக்கு முப்பது. மூன்றாம் வாரம் ஐம்பத்திரண்டு.

நான்காம் திங்களன்று ஊசி குத்தும்போது, "இது சோம்பேறி ரத்தம்டி. உன்னோடதைக் கொஞ்சம் கடன் குடேன்" என்று அக்கா சிரித்தாள். எண்ணிப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் அளவுக்குக் கீழே இருந்தன. கருவியைச் சரிபார்க்க ஊழியர்கள் எங்கள் ரத்தத்தையே எடுப்பது வழக்கம். அன்று என் ரத்தத்தில் இரண்டு குழாய் எடுத்தேன். ஒன்றில் அக்கா பெயரை ஒட்டினேன். அவளுடையதைக் குளிர்பெட்டியில் உறையவைத்தேன். அடுத்த திங்களும் அப்படியே.

மறுநாள் செவ்வாயன்று ஆராய்ச்சி மருத்துவர் தாளோடு ஓடிவந்தார். "ரத்தம் இளமையாகிட்டு வருதும்மா! நூத்துக்கு ஒன்பதுதான். இருபது வயசுப் பொண்ணு ரத்தம் மாதிரி இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும், "கேக்காம என் சட்டையைப் போட்டுக்கிட்டு காலேஜ் போனவதானே நீ" என்றாள். பிறகு, "சொல்லித் தொலைக்காதே. இன்னும் எட்டு நாள்தான்."

மறுநாள் புதன்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். பணியிலிருந்த மருத்துவர் திங்கட்கிழமைத் தாளைப் பார்த்து, எண்ணிக்கை நன்றாக இருப்பதால் சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா என் விரலை அழுத்திப் பிடித்திருந்தாள். நான் சொல்லவில்லை.

வியாழன் மதியம் நினைவு தப்பியது. அப்போதுதான் மருத்துவரிடம் சொன்னேன். வெள்ளி காலை இறந்தாள்.

அதன் பிறகு உறையவைத்திருந்த இரண்டு குழாய்களையும் சோதித்தேன். அறுபது. எழுபத்தொன்று.

அக்கா மேல் குற்றம் எழுத வேண்டாம். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், உண்மைதான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கையெழுத்திட்டேன். கொண்டுவந்திருந்த பரிசோதனைக் கூடப் பதிவேட்டைத் திறந்து, அக்கா பெயருக்கு எதிரே இருந்த என் எண்களை அடித்துவிட்டு, அவளுடையதை எழுதினேன்.