குரல் தெளிவில்லை

காலை ஐந்தே கால். ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை. ஒரு பக்கம் சவக்கிடங்கின் மதில், மறுபக்கம் மூடிக் கிடக்கும் அச்சகம்... ஒரு நாய்கூட இல்லை. அதில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறார். என்னோடு லேபில் வேலை பார்த்த நண்பரின் சித்தி. ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி. பயப்படக்கூடத் தெம்பில்லாத நடை.

நான் சொல்லி முடிக்கும் வரை விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். சித்தி தனக்கு நடந்த இந்தக் கதையை என் நண்பரிடம் சொன்னார். நண்பர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

சித்தி பதினாறு வருடம் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். பெயர் பெற்ற டாக்டர். செத்துப் பிழைத்த குழந்தைகளைத் தேடிப் போவார். இதயம் நின்று, மூச்சு நின்று, மறுபடி வந்த குழந்தைகள். அந்த நேரத்தில் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு கேசட்டில் பதிவு செய்வார். வெளிச்சம் பார்த்த குழந்தை, இறந்துபோன மாமாவைப் பார்த்த குழந்தை... புத்தகம் போட்டார், டிவியில் வந்தார். பெற்றவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்தக் கேசட்டுகளைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பதுதான் சித்தியின் வேலை. ஊரில் உள்ள சாவையெல்லாம் அடித்தது என் பத்து விரல்தான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாராம்.

அப்புறம் ஒரு நாள் போலீஸ் வந்தது.

டாக்டர் தனி ஆள். விபத்தில் இறந்த தம்பியின் மகளை அவர்தான் வளர்த்தார். ஏழு வயது. அந்தக் குழந்தையை மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, மூச்சு முட்டி மயங்கும் வரைக்கும் விட்டுவிட்டு... பிறகு வெளியே எடுத்து, தேற்றி, கேள்வி கேட்டிருக்கிறார். குழந்தை ஒரு நாள் டீச்சரிடம் சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருடம் ஜெயில். குழந்தையை அதன் பெரியம்மா அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டில் சித்தியையும் விசாரித்தார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்றார். எல்லோரும் நம்பினார்கள். நாளாக ஆக, சித்தியும் நம்பிவிட்டார்.

மூன்று வருடம் கழித்து டாக்டர் அப்பீல் போட்டார். இருக்கிற கேசட்டுகளை எல்லாம் கேட்டுப் பட்டியல் கொடுக்கச் சொன்னது கோர்ட். கேசட்டுகளின் மேல் டாக்டர் எழுதியிருந்த கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் சித்தி. ஒன்பது மணிக்கு அவருக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அதனால்தான் அந்த ஐந்தே கால் நடை.

சாலை முடிவில் கோர்ட் கட்டடம், அதன் மாடியில் கடைசி அறை. அந்துருண்டை வாசனையும் ஈரச்சுவர் வாசனையும். ட்யூப்லைட் பத்துத் தடவை கண் சிமிட்டித்தான் எரியும். அறுநூறு கேசட். கேட்பார், எழுதுவார், கொட்டாவி விடுவார். செத்துப் பிழைத்தவர்களின் கதைகூட அவருக்கு அலுத்துப்போனது.

நாலாவது நாள் ஒரு கேசட். ‘எண் 212. வயது 7. மூச்சுத் திணறல்.’ டக்கென்று பட்டனை அழுத்தினார். ஸ்ஸ்... என்று இரைச்சல். பிறகு டாக்டரின் மெதுவான குரல்.

“வெளிச்சம் வந்துச்சாம்மா?”

“இல்ல.”

“யாராச்சும் இருந்தாங்களா?”

“ஒரு அத்தை இருந்தாங்க. திரும்பி உக்காந்து டைப் அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. கூப்பிட்டேன்... திரும்பிப் பாக்கல.”

சித்தி நிறுத்தினார். பழைய ஃபைலை இழுத்து, தான் அடித்த தாளைத் தேடி எடுத்தார். அந்த இடத்தில் இரண்டே வார்த்தை. குரல் தெளிவில்லை.

குரல் மணி மாதிரி இருந்தது.

219, 226, 240. அதே வயது, அதே மூச்சுத் திணறல், அதே குழந்தை. நாலு தாளிலும் குரல் தெளிவில்லை. கடைசிக் கேசட்டில், அந்த அத்தை கட்டை விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார் என்றது குழந்தை. சித்தி தன் கட்டை விரலைப் பார்த்தார். அந்தக் கேசட்டை அடித்த வாரம் அவருக்குக் கட்டை விரலில் அரிவாள்மனை வெட்டு. கட்டோடுதான் அடித்தார்.

அந்தக் குழந்தை ஒரு தடவைகூட ஆபீசுக்கு வந்ததில்லை. சித்தி அதன் போட்டோவைக்கூடப் பார்த்ததில்லை.

ஒரே குரல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அன்றைக்கே தோன்றியிருக்கிறது. ஆஸ்துமா பிள்ளையாக இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த தாளைச் சொருகியிருக்கிறார். ஆனால் அந்த அத்தையைப் பற்றிய பேச்சு... அது அன்றைக்குக் காதில் விழவே இல்லையா, விழுந்தும் அடிக்காமல் விட்டாரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

நாலு கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு நேராக அரசு வக்கீலிடம் போனார்.

“நான் அன்னைக்குச் சொன்னது பொய் சார். தெரிஞ்சுதான் இருந்துச்சு. கேக்க எனக்குத் தெம்பில்ல.”

வக்கீல் கத்தவில்லை. பொய் சாட்சிக்கு வழக்கு வரும், தெரியுமா என்று மட்டும் கேட்டார். வந்தது. பள்ளிக்கூட வேலையும் போனது. ஆனால் அந்தக் கேசட்டுகளால்தான் அப்பீல் தள்ளுபடி ஆனது.

தீர்ப்பு வந்த அன்று, கோர்ட்டின் மாடி வராந்தாவில் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார் சித்தி. யாரோ எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது. பத்து வயதுப் பெண். பக்கத்தில் பெரியம்மா. சித்தி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். கோபமாக இல்லை... விசாரிக்கிற குரல்தான்.

“அந்தச் சின்னப் பாப்பா உங்ககிட்ட வந்துச்சா அத்தை?”

எந்தப் பாப்பா என்று சித்தி கேட்டார்.

“எனக்கு முன்னாடியே அலமாரிக்குள்ள இருந்துச்சே, அது. என்னவிடச் சின்னது. அதுவும் உங்களத்தான் கூப்பிட்டுச்சு. கதவத் தெறந்தப்போ நான் வந்துட்டேன். அது வரல.”

பெரியம்மா அவசரமாக அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். அந்த வீட்டில் இவளை விட்டால் வேறு குழந்தையே இருந்ததில்லை, ராத்திரியில் இப்படித்தான் ஏதாவது சொல்வாள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அழைத்துக்கொண்டு போனார்.

சித்தி எழுந்திருக்கவில்லை. அந்த அலமாரி மூன்று வருடமாக அதே கட்டடத்தில்தான் இருந்தது. அந்தப் பெஞ்சுக்கு நேர் கீழே, சாட்சிப் பொருள் அறையில்... சீல் வைத்து.