பழைய இரத்தமும் புது இரத்தமும்

“உனக்குச் சிங்களம் தெரியுமா?” என்று ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி கேட்டார். தலையாட்டினேன். வகுப்பில் எழுந்து பேசப் பயந்து ஒன்பதாம் ஆண்டோடு நின்றவள் நான். சிங்களம் மட்டும் மஸ்கெலியா கடைகளில் கேட்டுக் கேட்டே வந்துவிட்டது. என் அக்கா பூரணிக்கு அது வராது. டாக்டருக்குத் தமிழ் வராது. இருவருக்கும் நடுவில் என்னை நிற்க வைத்தார்கள்.

கட்டிலில் அக்காவின் எட்டு மாத மகள் தனுஜா. வலிப்பு வந்து தூக்கி வந்திருந்தோம்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையைச் சுற்றி இரத்தம். கண்ணுக்குள்ளும் இரத்தம். வெளியே ஒரு வீக்கம்கூட இல்லை. பழைய இரத்தமும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. யாரோ பிள்ளையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள், ஒரு தரமல்ல. பகலில் யாரிடம் இருக்கிறது என்று கேள் என்றார்.

அக்கா என் வாயையே பார்த்தாள். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உலுக்கியது என்று சொன்னால் தாங்க மாட்டாள்.

“ரெண்டு தரம் கீழ விழுந்திருக்காம்க்கா. பகல்ல யாருகிட்ட இருந்திச்சின்னு கேக்குறாரு.”

“புள்ளக்காம்பராவுல, பேச்சியம்மாக்கா கிட்ட.”

தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தைச் சொன்னாள். அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மூன்று மணிக்கு நான் போய்த் தூக்கி வருவதையும், அக்கா பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்வரை லயத்து வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும் இருப்பதையும் அவர் கேட்கவில்லை.

அந்த நேரம் முழுக்கத் தனுஜா அழுவாள். பாடிப் பார்த்தேன், கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தேன். அக்குளில் பிடித்து வேகமாக உலுக்கினால்தான் அடங்குவாள். கண் ஒரு மாதிரி நிலைக்கும், பிறகு தூங்கிவிடுவாள். நல்ல தூக்கம். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. பிள்ளைகளை அடிப்பது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் பேச்சியம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார்.

“ரெண்டு தரம் கீழ போட்டுட்டு, இப்ப தோடம்பழம் கொண்டாந்தீங்களோ?” என்றாள் அக்கா.

“சாமி சத்தியமா நான் போடலம்மா.”

“அப்ப அதுவா எந்திரிச்சி நடந்து போயி விழுந்திச்சா?”

தோட்டத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வயதானவர், ஓய்வு நல்லதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தயானி என்ற யாழ்ப்பாணத்து டாக்டர் வந்தார். அவருக்கு நான் தேவைப்படவில்லை.

“அம்மா, இது விழுந்த காயமில்லை. ஆரோ பிள்ளையைப் பிடிச்சு உலுக்கியிருக்கினம். பெரிய டொக்டர் முதல் நாளே உங்களுக்குச் சொன்னவர்தானே? இனிக் கண் தெரியுமோ எண்டு சொல்லேலாது. கண்டிக்கு அனுப்புறம்.”

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள். “மூணு மணிக்கு மேல ஓங்கிட்டதானே இருந்திச்சி?”

“நான் அடிக்கலக்கா. அழுகைய நிப்பாட்டத்தான் உலுக்குனேன். ஒவ்வொரு தரமும் நிப்பாட்டிருச்சி.”

அவள் முகம் வெளுத்திருந்தது. பாவம், மூன்று நாளாகத் தூக்கமில்லை. அம்புலன்ஸ் வரை கூடவே நடந்து ஆறுதல் சொன்னேன். “நீ வேலைய விட்டுறாதக்கா. புள்ள வீட்டுக்கு வந்ததும் நானே நாள் முழுக்கப் பார்த்துக்கிறேன்.”

அக்கா பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் எனக்கு இடம் இருந்தது. கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.